வித்தையை எழுதி வைத்தல்

மேடை வித்தைக்கான நல்ல கையேடு ஒரே நிகழ்ச்சியை இரண்டு முறை சொல்லும். பார்வையாளர் கண்ணில் என்ன படுகிறது என்பதை முதலில் சொல்லும். வித்தைக்காரர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைப் பிறகு சொல்லும். எலுமிச்சம்பழத்தை அறுத்ததும் ரத்தம் வடிகிறது என்பது முதல் கூற்று. கத்தியின் அலகில் செம்பருத்திப் பூவைக் கசக்கித் தேய்த்து முன்னதாகவே காயவைத்திருந்தார்கள் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வேதியியல்: பூவிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி, பழச்சாற்றின் அமிலம் பட்டவுடன் செக்கச் சிவந்துவிடுகிறது. கண்டதையும் செய்ததையும் கலக்காமல் தனித்தனியே எழுதும் இந்தப் பழக்கம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டுக்கும் உரியது. வித்தை நூல்களை அறிவியலின் உறவினராகக் கருத இதுவே முதல் காரணம்.

எல்லா வித்தை நூல்களும் அப்படி எழுதப்பட்டவை அல்ல. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில் 14ஆம் பகுதி முழுவதும் எதிரியை மிரட்டவும் மயக்கவும் உதவும் பொடிகள், பூச்சுகள், மந்திரங்கள் பற்றியது. காமசூத்திரம் தரும் 64 கலைகளின் பட்டியலில் இந்திரசாலமும் கைவேகமும் தனித்தனிக் கலைகளாக இடம்பெறுகின்றன. தமிழில் புலிப்பாணியின் பெயரால் வழங்கும் ஜால நூல் மலிவுப் பதிப்புகளாக இன்றும் விற்கிறது. மூலிகை, மை, உருவேற்ற வேண்டிய மந்திரம் என்று எல்லாம் இத்தகைய நூல்களில் உண்டு. எந்தப் பொருள் எந்த வேலையைச் செய்கிறது என்ற பிரிப்பு மட்டும் இருக்காது. செய்து பார்த்துத் தோற்றவர், வேர் தவறா மந்திர எண்ணிக்கை தவறா என்று கண்டுபிடிக்க வழியில்லை. சோதித்துத் திருத்த முடியாத செய்முறை தலைமுறை தலைமுறையாக அப்படியே படியெடுக்கப்படும். இந்த நூல்களுக்கு நேர்ந்ததும் அதுதான்.

இங்கிலாந்தில் 1584இல் ரெஜினால்ட் ஸ்காட் வெளியிட்ட நூல் வேறு நோக்கத்தில் பிறந்தது. சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி ஏழைக் கிழவிகளைத் தூக்கிலிடும் கொடுமை நடந்துகொண்டிருந்த காலம் அது. சூனியமாகத் தோன்றும் அதிசயங்களுக்குப் பேய்த்துணை தேவையில்லை என்று காட்ட, சந்தைகளில் பிழைப்பு நடத்திய வித்தைக்காரர்களின் பந்து, காசு வித்தைகளையும் தலையைத் துண்டித்துக் காட்டும் வித்தையையும் ஸ்காட் விளக்கி எழுதினார். அப்பாவிகளின் உயிரைக் காக்க எழுதிய பக்கங்களே ஆங்கிலத்தில் வித்தை கற்பிக்கும் நூல்களுக்கு அடித்தளமாயின. 1876இல் பேராசிரியர் ஹாஃப்மன் என்ற புனைபெயரில் ஆஞ்சலோ லூயிஸ் எழுதிய ‘மாடர்ன் மேஜிக்’ தொழில் இரகசியங்களை முறையான பாடமாக்கியது. அதற்குப் பின் வந்தவற்றில் 1902இல் சிகாகோவில் வெளியான எர்ட்னேஸின் சீட்டுக்கட்டு நூலும், 1952இல் வந்த போபோவின் நாணய நூலும் இன்றும் பாடப்புத்தகங்களாகவே இருக்கின்றன. எர்ட்னேஸ் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.

வித்தையை விளக்கி மூடநம்பிக்கையை உடைக்கும் ஸ்காட்டின் மரபு தமிழ்நாட்டில் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வேர்விட்டது. அதன் முன்னோடி இலங்கையில் இருந்தார். திருவல்லாவில் 1898இல் பிறந்த ஆபிரகாம் கோவூர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக வேலை பார்த்து 1959இல் ஓய்வுபெற்றவர். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறைந்த பிறகு, கோழிக்கோட்டில் 1930இல் பிறந்து போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் அந்தச் சவாலைத் தொடர்ந்தார். 1988 முதல் ‘இந்தியன் ஸ்கெப்டிக்’ என்ற மாத இதழையும் நடத்தினார், 2009இல் காலமானார். ‘சயின்ஸ் வெர்சஸ் மிராக்கிள்ஸ்’ என்ற அவருடைய நூல் முழுக்க முழுக்க ஒரு செய்முறைக் கையேடு. தோற்றம், தேவையான பொருள்கள், செய்முறை என்று ஒவ்வொரு அற்புதமும் ஒரு பரிசோதனைபோல் வகுக்கப்பட்டிருக்கிறது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘மந்திரமா? தந்திரமா?’ நிகழ்ச்சியைப் பள்ளிகளுக்கும் ஊர்ப் பொது இடங்களுக்கும் கொண்டுசென்றபோது இதே வழியைத்தான் பின்பற்றியது: முதலில் அதிசயமாகச் செய்துகாட்டுவது, பின்பு பார்வையாளரில் ஒருவரை அழைத்து அவர் கையாலேயே செய்யவைப்பது. அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். சிறுமி ஒருத்தி தன் விரலிடுக்கிலிருந்து திருநீறு வரவழைத்துக் காட்டிவிட்டால், விளக்கவுரைக்கு அதிக வேலை இருக்காது.

அந்தத் திருநீற்றின் செய்முறை எளிது. சாம்பலைச் சோற்றுக் கஞ்சியில் பிசைந்து சிறு உருண்டையாக்கி உலர்த்துகிறார்கள். உருண்டையைக் கட்டைவிரல் மடிப்பில் ஒதுக்கிக்கொண்டால், விரித்த கை வெறுங்கையாகத் தெரியும். விரல் நுனியால் நசுக்கியதும் மாவுச்சத்தின் பிடி உடைந்து பொடி கொட்டும்.

சாமான்களை நம்பிய வித்தைகளுக்குக் கோவில்பட்டி வட்டாரம் தனிப் பொருத்தம் உடையது. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் அதைத் தொடங்கினர். மழை குறைந்த கரிசல் காற்று, மருந்து முக்கிய குச்சிகள் விரைவில் காய உதவியது. சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று தீப்பெட்டி ஆபீஸ்கள் பரவின. பழைய ஐரோப்பிய வித்தை நூல்கள் நெருப்பு வித்தைகளுக்குக் கேட்கும் பொருள்களின் பட்டியலை எடுத்தால், பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பாஸ்பரஸ் என்று பல தீப்பெட்டி ஆபீஸில் புழங்கிய சரக்காகவே இருக்கும்.

தீக்குச்சியே எழுதப்படாத ஒரு வித்தைக் கையேடு. குச்சித் தலையின் மருந்தில் ஏறத்தாழ பாதி பொட்டாசியம் குளோரேட். கந்தகமும் கண்ணாடித்தூளும் வஜ்ஜிரமும் கூடச் சேர்கின்றன. பெட்டியின் பக்கத்தில் தடவியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். உரசும் சூட்டில் அதில் மிகச் சிறு துளி வெள்ளைப் பாஸ்பரஸாக மாறித் தானே பற்றிக்கொள்ள, அந்தப் பொறி குளோரேட்டைச் சிதைத்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. மருந்தை இப்படி இரண்டு இடமாகப் பிரித்து வைக்கும் யோசனை ஸ்வீடனில் 1844இல் பாஷ் என்பவருக்குத் தோன்றியது. அதற்கு முன் குச்சித் தலையிலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. இந்தியாவில் அத்தகைய தீக்குச்சிகளை 1913ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

வித்தைக்காரர்களும் சாமியார்களும் தேடிப் போனது அந்த வெள்ளைப் பாஸ்பரஸைத்தான். காற்றில் அது தானாகப் பற்றும் வெப்பநிலை ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரி செல்சியஸ். கார்பன் டைசல்பைடில் கரைத்துக் காகிதத்தில் நனைத்துவிட்டால், கரைப்பான் ஆவியாகும்வரை ஒன்றும் நடக்காது. ஆவியானதும் மந்திரத்துக்குக் கட்டுப்பட்டதுபோல் தீ எழும். சிவப்புப் பாஸ்பரஸுக்கோ 240 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஒரே தனிமம், அணுக்கள் கோத்துக்கொண்ட விதம் மட்டும் வேறு. தீப்பெட்டிப் பக்கத்தாளை எரித்து அதன் கசட்டை விரலில் தேய்த்துப் புகை வரவழைக்கும் வித்தையும் பழைய நூல்களில் உண்டு. அந்தப் புகை பாஸ்பரஸ் ஆக்சைடு, அந்தக் கசடு நஞ்சு. இன்றைய கையேடு இதை விளக்கலாம். செய்யச் சொல்லக் கூடாது.

நாணயத்திலிருந்து சாம்பல் வளரும் வித்தைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1960களிலிருந்து புழங்கிய அலுமினியப் பைசாக்களில் மெர்குரிக் குளோரைடு தடவினால், பாதரசம் அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடுப் போர்வையைக் குலைத்துவிடும். காப்பற்ற உலோகம் காற்றோடு வினைபுரிந்து சூடேற, வெண்சாம்பல் பொங்கிக்கொண்டே வரும். உள்ளங்கையில் சூடு உறைக்கும்போது பக்தர் அதைத் தெய்வ சக்தியாக உணர்கிறார். பாதரச உப்பு தோல் வழியாகவும் உடலுக்குள் ஏறும் கொடிய விஷம். அந்தச் சாம்பலைத் திருநீறாக வாயில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. இத்தகைய இடங்களில் வித்தையின் இரகசியத்தை ஊரறியச் செய்வது உயிர் காக்கும் வேலை.

பள்ளிகளில் அதிகம் காட்டப்படுவது நெருப்பில்லாமல் யாகம் வளர்ப்பது. பொட்டாசியம் பெர்மாங்கனேட், கிராமங்களில் கிணற்று நீரைச் சுத்திகரிக்கப் போடும் அதே கத்தரிப்பூ நிற உப்பு. அதன் மேல் நெய் என்ற பெயரில் கிளிசரினைச் சில சொட்டு விட்டால், சிறிது தாமதத்துக்குப் பின் புகைந்து தீப்பற்றும். ஆசிரியர் செய்ய, மாணவர் தள்ளி நின்று பார்க்க வேண்டிய சோதனை இது. அந்தத் தாமதத்தை மந்திரம் சொல்லி நிரப்புவதுதான் வித்தை. தாமதம் எவ்வளவு என்பதைப் புத்தகம் ஒரே எண்ணாகத் தர முடியாது. உப்பு எவ்வளவு நைசாக அரைபட்டிருக்கிறது என்பதையும் அன்றைய வெப்பத்தையும் அது பொறுத்தது. பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொது விதிப்படி, மார்கழிக் காலையில் நிதானமாகப் பற்றும் கலவை சித்திரை நண்பகலில் மந்திரம் முடிவதற்குள் எரிந்துவிடும். குளிர்நாட்டுக் கையேட்டைக் கரிசலில் வரிக்கு வரி பின்பற்றினால் கை சுடும். நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே, அதே நேரத்தில் ஒத்திகை பாருங்கள் என்ற ஒரு வரி இங்கே பத்துப் படங்களைவிட அவசியமானது.

கைத்திறனை எழுத்தில் பிடிப்பது இதைவிடக் கடினம். தெருவில் விரித்த துணியின் மேல் மூன்று செப்புகளும் சில பந்துகளுமாக நடக்கும் செப்படி வித்தை தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைவழியாக வந்தது. இந்தியச் செப்பின் தலையில் குமிழ் போன்ற பிடி இருக்கும். அதை விரலிடுக்கில் பற்றித் தூக்குவார்கள். ஐரோப்பியக் கிண்ணத்துக்கு அந்தப் பிடி கிடையாது. மேசைக்குப் பின்னால் நின்று கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிச் செய்வது அவர்கள் முறை. எனவே அங்கு எழுதப்பட்ட அசைவுகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவருக்கு அப்படியே உதவுவதில்லை. நம் வித்தைக்காரர்களின் முறை அதே அளவு விரிவாகத் தமிழில் எழுதி வைக்கப்படாதது பெரிய இழப்பு. கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரி இந்த வித்தையை மேடைக் கலையாக உயர்த்தியதால் அங்கே சீடர் வரிசை ஒன்று உருவானது. வங்கத்தில் பி.சி. சர்க்கார் மேடையிலும் எழுத்திலும் உழைத்தார். அவருடைய ‘சர்க்கார் ஆன் மேஜிக்’ 1960இல் வந்தது. கோவில்பட்டிச் சந்தைகளிலும் கழுகுமலைப் பங்குனித் திருவிழாவிலும் கடைவிரித்த மோடி வித்தைக்காரர்களுக்கு அப்படி ஒரு நூல் வாய்க்கவில்லை.

எழுத்தில்லாமல் போனதால் இரகசியம் காப்பாற்றப்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. 1830களின் தொடக்கத்தில் சென்னையைச் சேர்ந்த சேஷால் என்பவர் ஒரு கம்பின் மேல் கையை மட்டும் ஊன்றி அந்தரத்தில் அமர்ந்திருந்த காட்சி லண்டன் இதழில் படமாக வந்தது. ஆடைக்கும் கைச்சட்டைக்கும் உள்ளே மறைந்த இரும்புச் சட்டம் ஒன்று கம்பிலிருந்து கிளம்பி உடலைத் தாங்குகிறது என்பதை மற்றவர்கள் விரைவில் ஊகித்துவிட்டார்கள். 1847இல் பாரிஸில் வித்தைக்காரர் ராபர்ட் ஊதேன் இதே உத்தியால் தன் மகனை அந்தரத்தில் கிடத்திக் காட்டினார். சட்டமும் அடிப்பலகையும் போதிய கனமாகவும் அகலமாகவும் இருந்து, புவியீர்ப்பு மையம் அடிப்பலகையின் எல்லைக்குள் விழுந்தால் போதும், ஆள் சாயமாட்டார்.

கையைவிடக் கண் முக்கியம் என்பது இந்நூல்கள் எல்லாம் ஒருமித்துச் சொல்லும் பாடம். பந்து போவதாகக் காட்டும் திசையை வித்தைக்காரரே முதலில் பார்க்க வேண்டும். பார்வையாளரின் பார்வை அவருடைய பார்வையைப் பின்தொடரும். உளவியலாளர் நார்மன் ட்ரிப்லெட் 1900இல் இதை ஆராய்ந்தார். பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடித்துவிட்டு மூன்றாம் முறை எறிவதுபோல் பாவனை மட்டும் செய்தால், பலர் பந்து மேலே போனதைக் கண்டதாகவே சொல்வார்கள். 2006இல் குஸ்தாவ் குன், மைக்கேல் லேண்ட் இருவரும் இதே வித்தையைக் கண்ணசைவுக் கருவியோடு சோதித்தனர். வித்தைக்காரர் மேலே பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஏமாந்தனர். கையையே பார்த்தபோது ஏமாந்தவர் மூன்றில் ஒரு பங்கினர்தான். வியப்பு என்னவென்றால், ஏமாந்தவர்களின் கண்கள் பந்து மறைந்ததாகச் சொன்ன இடத்துக்குப் பெரும்பாலும் போகவே இல்லை. வித்தைக்காரரின் முகத்தில் நின்றன. கண் சரியாகத்தான் பார்த்தது. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்த மூளை அந்தக் கணிப்பைக் காட்சியாகவே பதிந்துகொண்டது. மேடை அனுபவமாக எழுதி வைக்கப்பட்ட ஒரு விதி, நூறு ஆண்டு கழித்து ஆய்வகத்தில் அளவோடு உறுதியானது.

மனதைப் படித்துச் சொல்லும் வித்தைக்காரர்களுக்கான நூல்கள் தனி வகை. கொரிண்டா என்ற மேடைப் பெயர் கொண்டவர் லண்டனில் பதின்மூன்று சிறு வெளியீடுகளாகக் கொண்டுவந்து பிறகு ஒரே நூலாக்கிய ‘மனவித்தைக்குப் பதின்மூன்று படிகள்’ இவற்றில் தலையாயது. நகத்தோடு ஒட்டி இரகசியமாக எழுத உதவும் சிறு பென்சில் முனையில் தொடங்கி மேடைப் பேச்சில் முடிகிறது. அதன் மூன்றாம் படி தந்திரமே இல்லாத நினைவுப் பயிற்சி. அதைத் தமிழர்கள் அவதானம் என்ற பெயரில் நன்கு அறிவார்கள். கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். முதுகில் விழும் கற்களை எண்ணுவதும், மணியோசையைக் கணக்கில் வைப்பதும், கேட்ட ஈற்றடிக்கு வெண்பா பாடுவதும் அவதானத்தில் ஒருசேர நடக்கும். கொரிண்டா அதைப் பார்த்திருந்தால் மூன்றாம் படியை இன்னும் நீட்டியிருப்பார்.

ஆளைப் பார்த்தே அவர் வாழ்க்கையைச் சொல்வது மனவித்தையின் மற்றொரு பகுதி. கரிசல் ஊர்களில் விடியுமுன் இருட்டில் வந்து, ஜக்கம்மாவின் பெயரால் குறி சொல்லிவிட்டு, பொழுது விடிந்தபின் நெல்லோ துணியோ வாங்கவரும் குடுகுடுப்பைக்காரரை எல்லோரும் அறிவர். மானாவாரி பூமியில் மழை பொய்த்ததையும், கையில் நின்ற காசு கரைந்ததையும், வெளியூர் போன பிள்ளையைப் பற்றிய கவலையையும் சொன்னால் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். ஒரு கூற்று எத்தனை பேருக்குப் பொருந்தும் என்ற கணக்கு கேட்பவர் மனதில் ஓடுவதில்லை. தனக்குப் பொருந்தியது மட்டும்தான் உறைக்கிறது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் தன் 39 மாணவர்களுக்கு அவரவர் குணநலன் என்று சொல்லி ஒரே குறிப்பை வழங்கினார். சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வாக்கியங்கள் அவை. ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டபோது கிடைத்த சராசரி 4.26.

குறி சொல்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அநியாயம். இக்கலையை 1977இல் விரிவாக ஆராய்ந்து எழுதிய ரே ஹைமன் இளம்வயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். ரேகை உண்மை என்றே நம்பியவர். ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மனவித்தைக்காரர் சொன்ன யோசனைப்படி, ரேகை காட்டுவதற்கு நேர் எதிராகப் பலன் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் முன்புபோலவே திருப்தியடைந்தார்கள். அந்த ஒரு சோதனை அவரை உளவியலாளராக்கியது. பொருந்தும் பொருளைக் கேட்பவரே தேடிப்பிடித்துக்கொள்கிறார் என்பதைச் சொல்பவரும் அறியாமல் இருக்கலாம்.

மனவித்தையின் இன்னொரு பழைய உத்தி, ஒன்று முந்திப் போவது. பார்வையாளர்கள் எழுதித் தந்த மூடிய சீட்டுகளில் முதலாவது எப்படியோ முன்பே தெரிந்திருந்தால் போதும். அதைப் பிறிதொரு சீட்டின் விடையாகச் சொல்லிவிட்டு, சரிபார்ப்பதாகப் பிரிக்கும் சீட்டிலிருந்து அடுத்த விடையைப் படித்துக்கொள்கிறார்கள். வரிசை தொடங்கும் இடத்தை மறைப்பதுதான் முழு வேலையும். அற்புதம் என்று சொல்லப்படும் எதையும் சோதிக்கப் போகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும். முதல் விடையை முன்கூட்டியே பூட்டி வைக்காத சோதனை வீண்.

கை மறைவும் மருந்தும் தேவைப்படாத வித்தைகள் எண்களில் இருக்கின்றன. மார்ட்டின் கார்ட்னர் 1956இல் கணிதத்தையும் வித்தையையும் சேர்த்து எழுதிய நூல் இவற்றுக்கு மதிப்புத் தேடித்தந்தது. 1, 2, 4, 8, 16, 32 என்று தொடங்கும் ஆறு அட்டைகளில் 1 முதல் 63 வரையிலான எண்களைப் பகிர்ந்து எழுதினால், மனதில் நினைத்த எண் எந்தெந்த அட்டையில் இருக்கிறது என்று கேட்டே அதைச் சொல்லிவிடலாம். அந்த அட்டைகளின் முதல் எண்களைக் கூட்டினால் போதும். 27 என்றால் 16, 8, 2, 1 ஆகிய நான்கு அட்டைகளில் இருக்கும். இரும எண்முறையை இவ்வளவு இனிமையாகப் புகட்டும் வேறு கருவி இல்லை.

அதைவிடப் பரவலானது 1089. முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறுபட்ட மூன்றிலக்க எண் ஒன்றை எடுத்து, தலைகீழாக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்ததைத் தலைகீழாக்கி அதோடு கூட்ட வேண்டும். 732இலிருந்து 237 போக 495; அதோடு 594 சேர 1089. எந்த எண்ணில் தொடங்கினாலும் விடை மாறாது. ஆனால் 635 எடுத்த மாணவருக்குக் கழித்தபின் 99 வரும். அதை 99ஆகவே வைத்துக் கூட்டினால் 198தான் கிடைக்கும். 099 என்று மூன்றிலக்கமாக எழுதி, 990ஐக் கூட்டினால் மட்டுமே 1089. முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் ஒன்று மட்டும் வேறுபடும் எண்கள் எல்லாவற்றிலும் இது நேரும். மேடையேறுவதற்கு முன் இதைச் சொல்லித்தரும் கையேட்டை நம்பி வாங்கலாம்.